தங்கம் இருக்கும் இடமும் நிலம் இருக்கும் ஏடும்

(கோலார் தங்கவயலில், நிலவியல் மாணவர்களும் சுரங்கக் குடும்பத்தினரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் நின்று தங்கத்தைப் பற்றிப் பேச எனக்குத் தயக்கம் உண்டு. சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறையே கொதிக்கும் ஆழத்தில் வேலை செய்தவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். பாறையைப் பற்றி உங்களுக்கு நான் என்ன சொல்லிவிட முடியும்? ஆகவே, பாறைக்கு மேலே கிடக்கும் காகிதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு நிலத்தில் கனிமம் தேடிப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த நிலத்தின் பதிவேடு. அது யார் கையில் இருக்கிறது, யாருக்குக் குத்தகையில் போயிருக்கிறது, காடா, மேய்ச்சலா, ஏரியா, குடியிருப்பா என்று தெரியாமல் கடப்பாரையைத் தூக்கக் கூடாது. இது சுரங்கக் கம்பெனிக்கு மட்டும் உரிய பாடமாக இருந்தால் உங்கள் மாலைப் பொழுதை எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த நிலத்தின் மேல் குடியிருக்கிறவருக்கும் அதே பாடம் வேண்டும். சொல்லப்போனால் அவருக்குத்தான் அது அதிகம் வேண்டும்.

தங்கவயலின் கதையே ஒரு காகிதத்தில்தான் தொடங்குகிறது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு மைசூரின் எல்லைகளை அளக்கும் வேலை நடந்தது. அந்த வேலைக்கு வந்த லெஃப்டினன்ட் ஜான் வாரன், 1802இல் ஊரிகம், மாரிகுப்பம் பக்கத்து மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைக் கேள்விப்பட்டார். பரிசு அறிவித்து, மண்ணை வண்டியில் கொண்டுவரச் செய்து, தம் கண்முன்னே கழுவிக் காட்டச் சொன்னார். கண்டதை அறிக்கையாக எழுதி வைத்தார். அந்த அறிக்கை அறுபது, எழுபது ஆண்டு யாரையும் பெரிதாக அசைக்கவில்லை. நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டுப் பெங்களூரில் தங்கியிருந்த மைக்கேல் லாவெல் என்ற ஓய்வுபெற்ற அயர்லாந்துப் படைவீரர் 1871 வாக்கில் அதைப் படித்தார். படித்ததோடு நிற்காமல் மாட்டுவண்டியில் கோலாருக்கு வந்து, தங்கம் இருக்கக்கூடிய இடங்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

அடுத்து அவர் செய்ததைக் கவனியுங்கள். ஆட்களைக் கூட்டித் தோண்டத் தொடங்கவில்லை. 1873இல் மைசூர் அரசுக்கு விண்ணப்பம் எழுதினார். அதிகாரிகளுக்குத் தங்கத்தில் நம்பிக்கை இல்லை. விடாமல் எழுதி, 1875 பிப்ரவரி 2ஆம் தேதி 20 ஆண்டுக்கான குத்தகையைப் பெற்றார். தோண்டுவதற்கு வேண்டிய பணம் அவரிடம் இல்லை. ஆனால் அவர் கையில் இருந்த அந்தக் குத்தகைப் பத்திரத்துக்கு மதிப்பு இருந்தது. அந்த உரிமையைத்தான் படை அதிகாரிகள் சிலர் சேர்ந்த குழு வாங்கியது. கோலார் கன்செஷனரீஸ் என்ற கம்பெனி உருவானது. 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் உள்ளே வந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் எழுந்தன. 120 ஆண்டில் ஏறக்குறைய 800 டன் பொன்னைக் கொடுத்த வயல், ஓர் அறிக்கையையும் ஒரு குத்தகையையும் அடித்தளமாகக் கொண்டு எழுந்தது.

அதே காலத்தில் நேர்மாறாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நீலகிரியின் மேற்குச் சரிவில் தேவாலா, பந்தலூர் பக்கம் 1880ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் பெரும் தங்கக் காய்ச்சல் அடித்தது. காப்பித் தோட்டங்கள் தங்க நிலம் என்ற பெயரில் லண்டன் கம்பெனிகளுக்கு விலைபோயின. சில ஆண்டுகளிலேயே அத்தனையும் சரிந்தது. பாறையில் பொன் போதுமான அளவு இல்லை என்பது முதற்காரணம். கூடவே, அங்கே மலபாரைப் போலவே நிலத்தின் மேல் ஜென்மி என்ற பரம்பரை நிலவுடைமையாளரின் உரிமையும் அரசின் உரிமையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. மண்ணுக்கு அடியில் இருப்பது யாருடையது என்ற கேள்வி மலபார் நிலங்களைப் பொறுத்தவரை அன்றோடு முடிந்துவிடவும் இல்லை. 130 ஆண்டுக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. 2013 ஜூலையில், திரேசியம்மா ஜேக்கப் வழக்கில், நில உடைமையாளரிடமிருந்து சட்டப்படி பறிக்கப்பட்டிருந்தாலொழிய அடிமண்ணின் கனிமம் அவருடையதே என்று நீதிமன்றம் சொன்னது.

உடனே இங்கே சிலர் மனத்தில், அப்படியானால் என் நிலத்துக்கு அடியில் கிடக்கும் தங்கம் எனக்குத்தானே என்று ஓர் எண்ணம் ஓடும். பொறுங்கள். அந்தத் தீர்ப்பு எழுந்தது மலபாரின் ஜென்மி நிலங்களைப் பற்றி. கர்நாடகத்தில் 1964ஆம் ஆண்டு நில வருவாய்ச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, சுரங்கமும் கனிமமும் அரசுக்குரியவை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஒரே நாடு, பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள். ஆனால் மண்ணுக்கு அடியில் உரிமை வேறு. இதனால்தான் பதிவேட்டையும் அதன் பின்னால் நிற்கும் சட்டத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்கிறேன்.

அமெரிக்காவில் வேறொரு வழக்கம் இருக்கிறது. 1872ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி, கூட்டரசின் பொதுநிலத்தில் கனிமத்தைக் கண்டவர் நான்கு மூலையிலும் முளை அடித்து, இது என் எல்லை என்று உரிமை கோரலாம். பாறை நரம்பு ஒன்றுக்கு நீளத்தில் 1,500 அடி, அகலத்தில் 600 அடி வரை. தொண்ணூறு நாளுக்குள் நில நிர்வாகத் துறையில் பதிய வேண்டும், வட்டாரப் பதிவகத்திலும் பதிய வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அங்கேயும் அனுபவசாலிகள் முளையை எடுப்பதற்கு முன் பதிவகத்துக்குத்தான் போகிறார்கள். அந்த நிலம் உண்மையில் கூட்டரசின் பொதுநிலமா? முன்பே தனியாருக்குப் பட்டா ஆகிவிட்டதா? மேல்நிலம் ஒருவருக்கும் கனிமம் அரசுக்கும் எனப் பிரிந்திருக்கிறதா? தேசியப் பூங்காவுக்கோ படைத்துறைக்கோ நீர்த்தேக்கத்துக்கோ ஒதுக்கிச் சுரங்கத்துக்கு மூடிவிட்டார்களா? வேறு யாராவது முன்பே முளை அடித்துப் பதிந்திருக்கிறாரா? இத்தனைக்கும் அந்தத் துறையின் நில வரைபடத்திலும் உரிமைப் பதிவிலும் பதில் உண்டு. பார்க்காமல் முளை அடித்தவருக்குக் கையில் மிஞ்சுவது நான்கு முளை மட்டுமே.

இந்தியாவில் முளை அடிக்கும் உரிமையே கிடையாது. 1957ஆம் ஆண்டுச் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி உரிமம் இல்லாமல் யாரும் தேடவும் கூடாது, தோண்டவும் கூடாது. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். 2015இல் வந்த திருத்தம், முந்தி விண்ணப்பித்தவருக்கு முன்னுரிமை என்ற பழைய முறையை எடுத்துவிட்டு, குத்தகைகளை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. குத்தகைக் காலம் 50 ஆண்டு ஆனது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம், தங்கம் உட்பட 29 கனிமங்களுக்கு ஆய்வு உரிமம் என்ற புதிய வாசலைத் திறந்தது, அதுவும் ஏலத்தில்தான்.

சட்டம் மாறும்போது கையில் இருந்த உரிமை என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பாடம் உண்டு. ஹாவேரி மாவட்டம் கணஜூரில் டெக்கான் கோல்டு மைன்ஸ் கம்பெனி பல ஆண்டு தங்கம் தேடியது, கண்டது, சுரங்கக் குத்தகைக்கு விண்ணப்பித்தது. 2015 திருத்தம் அப்படிப்பட்ட நிலுவை விண்ணப்பங்களுக்குச் சிறிது இடம் கொடுத்து வைத்தது. 2021 திருத்தம் அந்த இடத்தையும் மூடியது. பாறையில் பொன் அப்படியே இருக்கிறது. காகிதத்தில் உரிமை போய்விட்டது.

இனி, ஒரு நிலத்தின் நிலைமையை எப்படித் தேடுவது என்று மாணவர்களுக்குச் சொல்கிறேன். கேட்கிறவர்களும் தம் வீட்டு நிலத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள்.

முதலில் ஊர் வரைபடமும் சர்வே எண்ணும். எண் தெரியாமல் எந்த ஏட்டையும் திறக்க முடியாது. இடத்தில் நின்றுகொண்டே எண்ணை அறியக் கர்நாடக நில அளவைத் துறையின் திசாங்க் செயலி கைபேசியில் கிடைக்கிறது. அது காட்டும் எல்லை வழிகாட்டிதான். முடிவான எல்லையை அளவைத் துறையின் மூல வரைபடமே சொல்லும்.

அடுத்தது பகணி. ஆர்.டி.சி. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் பட்டா, சிட்டா, அடங்கல் என்று மூன்றாகப் பார்ப்பதை இங்கே பெரும்பாலும் இந்த ஒரே தாள் சொல்லிவிடும். 2000ஐ ஒட்டி வந்த பூமி திட்டத்தில் சுமார் இரண்டு கோடிப் பகணிகள் கணினிக்குள் ஏறின. உடைமையாளர் பெயரைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடாதீர்கள். பிறர் உரிமைகள், கடன்கள், வழக்குத் தடை எல்லாம் எழுதும் பத்தியையும் படியுங்கள். கராபு என்று குறித்த பரப்பு எவ்வளவு என்று பாருங்கள். அதில் அ வகை சாகுபடிக்கு உதவாத நிலம். ஆ வகை என்றால் பாதை, ஏரி, சுடுகாடு போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு விட்டது. கோமாளம் என்று இருந்தால் ஊர் மாடுகளின் மேய்ச்சல் நிலம். இந்த ஒற்றைச் சொற்களில் பல குடும்பங்களின் பிழைப்பும், பல கம்பெனிகளின் திட்டமும் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவது, அந்தப் பெயர் எப்படி வந்தது என்ற வரலாறு. பெயர் மாற்றப் பதிவேடு அதைச் சொல்லும். சார் பதிவாளர் அலுவலகத்தின் வில்லங்கச் சான்று, விற்பனையையும் அடமானத்தையும் சொல்லும்.

நான்காவது, காடு. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம். 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அகராதிப் பொருளில் காடாக உள்ளதெல்லாம் காடே என்று சொன்னதால், வருவாய்ப் பதிவில் தரிசு என்று எழுதிய நிலமும் வனத்துறைப் பட்டியலில் காடாக இருக்கலாம். இரண்டு துறையின் ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஐந்தாவது, கனிமத்தின் ஏடு. மாநிலச் சுரங்க, நிலவியல் துறையில் பழைய, நடப்புக் குத்தகைகளின் எல்லை இருக்கும். இந்திய நிலவியல் அளவைத் துறையின் பூகோஷ் தளம் பாறை வரைபடங்களைத் திறந்து வைத்திருக்கிறது. நாக்பூரில் உள்ள இந்தியச் சுரங்கப் பணியகம் சுரங்கத் திட்டங்களை வைத்திருக்கிறது.

தங்கவயலுக்கு மட்டும் ஆறாவது ஏடு ஒன்று உண்டு: சுரங்க வரைபடம். இந்த ஊரின் நிலத்தைக் கிடைமட்டமாக மட்டும் பார்த்தால் போதாது. ஒரு சர்வே எண்ணுக்குக் கீழே எத்தனை மட்டங்களில் சுரங்கப் பாதை போகிறது, எந்த ஷாஃப்ட் என்னும் செங்குத்துக் குழி எங்கே மூடியிருக்கிறது, எங்கே பாறை வெடிப்பு நடந்தது என்று அந்த வரைபடங்கள்தான் சொல்லும். மேலே தொழிற்சாலையோ பள்ளிக்கூடமோ கட்ட நினைப்பவர் பகணியை மட்டும் பார்த்து அடிக்கல் நாட்டினால், காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுவர் எழுப்புகிறார் என்றே பொருள். அந்த வரைபடங்களை வரைந்தவர்களும் அந்தப் பாதைகளில் நடந்தவர்களும் வயதாகிக்கொண்டே போகிறார்கள். வரைபடத்தில் இல்லாத ஒரு பழைய குழியைக் கைகாட்டிச் சொல்லக்கூடிய ஒரு மூத்தவர் இன்றைக்கும் லைன் என்று சொல்லும் ஒவ்வொரு தொழிலாளர் வீட்டு வரிசையிலும் இருக்கக்கூடும். அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பதும் நிலப் பதிவுதான்.

இப்போது தங்கவயலின் நிலம் எத்தனை கைகள் மாறியது என்று பார்ப்போம். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை வெள்ளைக்காரக் கம்பெனிகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. 1962இல் அவை ஒன்றிய அரசின் கைக்குப் போயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் பிறந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் வழக்குகள் நடந்தன. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், சுரங்கத்துக்கு ஒன்றிய அரசு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரலாம் என்று வழி திறந்தது. திரேசியம்மா வழக்கின் தீர்ப்பு வந்த அதே மாதம் அது.

சுரங்கம் மூடினாலும் நிலம் மூடவில்லை. பன்னிரண்டாயிரம் ஏக்கருக்கும் மேலான பரப்பு அந்த நிறுவனத்தின் பெயரோடு பிணைந்து கிடக்கிறது. அதில் ஷாஃப்டுகள் இருக்கின்றன, ஆலைகள் இருக்கின்றன, சயனைடு மலைகள் என்னும் சுரங்கக் கழிவு மேடுகள் இருக்கின்றன; லைன் வீடுகளும் குவார்ட்டர்ஸுகளும், அவற்றில் மூன்று, நான்கு தலைமுறையாக வாழும் குடும்பங்களும் இருக்கின்றன. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த உழைப்பாளர்களின் பேரன் பேத்திகள் அவர்கள். வேலைக்கு வந்தபோது வீடு கம்பெனியுடையது. கம்பெனி போனபின் வீடு யாருடையது என்ற கேள்வியோடு கால் நூற்றாண்டாக வாழ்கிறார்கள். வீடுகளுக்கு உரிமைப் பத்திரம் வேண்டும் என்று அவர்கள் கேட்பது சலுகை வேண்டி எழும் குரல் ஆகாது. நிலத்தின் பதிவேட்டில் தங்கள் பெயர் எங்கே என்று கேட்பது அது.

2024 ஜூனில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். பதின்மூன்று கழிவு மேடுகள் கிடக்கும் 1,003.4 ஏக்கரில், அந்தக் கழிவை ஏலம் விட்டு மறுபடி தங்கம் எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. கூடவே, பயன்படுத்தாத 2,330 ஏக்கரைத் தொழிற்பூங்காவுக்காகத் திரும்பக் கேட்டது. அந்த மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் கழிவு இருக்கிறது, 23 டன் அளவு தங்கம் இருக்கலாம் என்பது கணக்கு. அதாவது ஒரு டன் கழிவுக்கு முக்கால் கிராம்கூட இல்லை. இவ்வளவு நீர்த்த தங்கத்தை எடுக்க மலை மலையாகக் கழிவைக் கலைக்க வேண்டும், மறுபடி எங்கேயாவது கொட்ட வேண்டும். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசு எந்தத் தெருவுக்குள் வரும் என்று இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

இந்த வேலை நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் இன்று நான் போகவில்லை. வேலை வந்தால் ஊருக்கு உயிர் வரும் என்று நம்புகிறவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்கள் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். நான் கேட்பது அதற்கு முந்திய கேள்வி. ஏலத்துக்குப் போகும் அந்த ஆயிரம் ஏக்கரின் எல்லை எந்தச் சர்வே எண்கள் வழியாகப் போகிறது? எல்லையை ஒட்டி எத்தனை வீடுகள்? எந்த ஓடை, எந்த ஏரி? திரும்பக் கேட்கும் 2,330 ஏக்கரில் எத்தனை ஏக்கர் மைதானம், எத்தனை ஏக்கர் சுடுகாடு, எத்தனை ஏக்கர் மக்கள் நடந்து நடந்து பாதையாக்கிய நிலம்? ஏலம் எடுக்கிறவர் தம் ஆட்களை வைத்து இதையெல்லாம் பார்த்துவிடுவார். அது அவர் பணத்தின் பாதுகாப்பு. அதே ஏட்டை நாமும் பார்த்திருக்க வேண்டும். அது நம் வாழ்வின் பாதுகாப்பு.

சட்டம் இதற்கு இடம் வைத்திருக்கிறது. மேல்நிலத்தில் குடியிருப்பவருக்கும் பயிரிடுபவருக்கும் குத்தகைதாரர் இழப்பீடு தர வேண்டும் என்று 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-அ பிரிவு சொல்கிறது. ஆனால் இழப்பீடு கேட்டு வருகிறவரிடம் அதிகாரி முதலில் கேட்பது, நீ யார், எந்த எண்ணில் இருக்கிறாய் என்பதே. பதிவில்லாதவர் அங்கேயே நின்றுவிடுவார். பேச்சில் உரிமை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மேசையில் தாள் இல்லாவிட்டால் அது செல்லாது. நூறாண்டு உழைத்த குடும்பம் ஒரு மேசை முன் வெறுங்கையோடு நிற்பதைப் போன்ற அநீதி வேறில்லை.

ஆகவே நான் மூன்று தரப்பாரிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

அரசுகளுக்கு: ஏலம், தொழிற்பூங்கா எதுவானாலும், முதலில் வருவாய் வரைபடம், குத்தகை எல்லை, சுரங்க வரைபடம், குடியிருப்புகள் நான்கையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்திய ஒரே வரைபடத்தை மக்கள் முன் வையுங்கள். கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் வையுங்கள். மக்களுக்குப் புரியாத மொழியில் ஒட்டிய அறிவிப்பை அறிவிப்பு என்று சொல்ல முடியாது.

நிலவியல் படிக்கும் மாணவர்களுக்கு: பாறையைப் படிக்கும் அதே கவனத்தோடு பகணியைப் படியுங்கள். வேலைக்குப் போகும் கம்பெனியில் ஓர் இடத்தைக் காட்டி இங்கே துளையிடு என்றால், இந்த எண்ணின் நிலை என்ன என்று கேட்கும் முதல் ஆளாக நீங்கள் இருங்கள். உங்கள் தாத்தாக்கள் பள்ளிக்கூடத்தில் கன்னடம் கற்க வாய்ப்பில்லாதவர்கள், நீங்கள் கற்றவர்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒரு லைனில் உட்கார்ந்து, பெரியவர்கள் நீட்டும் கன்னடத் தாள்களைப் படித்துச் சொல்லுங்கள். உங்கள் படிப்புக்கு இதைவிட நல்ல களப்பயிற்சி கிடைக்காது.

இங்கே வந்திருக்கும் குடும்பங்களுக்கு: வீட்டில் இருக்கும் ஒவ்வொரு காகிதத்தையும் எடுங்கள். வேலை அட்டை, குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுக் கடிதம், மின்கட்டண ரசீது, சம்பளச் சீட்டு, ஓய்வுப் பணக் கடிதம், எதுவானாலும் சரி. நகல் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். வீடு நிற்கும் இடத்தின் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். அந்த எண்ணின் பகணியை விண்ணப்பித்து வாங்குங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. தனியாகக் கேட்காதீர்கள், லைன் லைனாகச் சேர்ந்து கேளுங்கள்.

ஏலம் அறிவித்த பிறகு பதிவேட்டைத் தேடி ஓடுவதில் பயன் குறைவு. அறிவிப்பதற்கு முன்பே தேடுங்கள். நாளைக் காலை தாலுக்கா அலுவலகம் திறக்கும். உங்கள் சர்வே எண்ணோடு போங்கள்.